முத்துலட்சுமி அம்மையாரும் என் எட்டு ஊசியும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு தலைவரோட வாழ்க்கை வரலாறு எழுதித் தரணும்னு நம்ம கணக்காளர் கேட்டப்ப, முடியாதுன்னுதான் முதல்ல சொன்னேன். பத்தாவது முடிச்சதோட பேனாவை மூடி வச்சவ நான். குழுவோட தீர்மான நோட்டுல எழுதுறதுதான் எனக்குத் தெரிஞ்ச எழுத்து. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கும் ஒரு தலைவர் இருக்காங்க, அவங்களைப் பற்றி எனக்குத்தான் சொல்ல வேண்டியது இருக்குன்னு தோணுச்சு. அதனால் எழுதுகிறேன். நடுநடுவே என் கதையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் நம்ம எல்லாருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், பிரசவ உதவித்தொகையில்தான். என் மகள் வயிற்றில் இருந்தப்ப ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா படிவத்தில் கையெழுத்து வாங்கினாங்க. 12,000 ரூபாய் மூணு தவணையாக வந்துச்சு. எங்க ஊரில் அதை முத்துலட்சுமி பணம் என்றுதான் சொல்வோம். முத்துலட்சுமி பணம் ஏறிருச்சா என்று கேட்டுக்குவோம். என் மாமியார் அது ஏதோ பணக்கார வீட்டு அம்மா, செத்த பிறகு சொத்தை எழுதி வச்சுட்டாங்க போலன்னு நினைச்சிருந்தாங்க. நானும் அதை மறுத்துச் சொல்லலை, ஏன்னா எனக்கும் தெரியாது.

தெரிஞ்சுக்கிட்டது எப்போன்னா, எனக்குப் புற்றுநோய் வந்த பிறகு. ஊசிக்குப் போய்ப் படுத்தா நாலு மணி நேரம் சும்மா மேலே பார்த்துக்கிட்டே கிடக்கணும். எங்க ஊர்ப்புற நூலகத்தில் என் மகன் ஒரு புத்தகம் எடுத்துட்டு வந்து, இவங்க நம்ம ஜில்லாதாம்மா, படின்னு கையில் கொடுத்தான். ஊசி ஏறாத கையில் பிடிச்சுக்கிட்டுப் படிச்சேன். எட்டு ஊசி முடியுறதுக்குள்ளே ரெண்டு தடவை படிச்சுட்டேன்.

முத்துலட்சுமி அம்மையார் பிறந்தது 1886 ஜூலை 30. நம்ம புதுக்கோட்டைதான். அப்போ அது தொண்டைமான் மன்னரோட தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி, நல்லாப் படிச்சவர், கல்லூரி முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். இந்த ஒரு விஷயத்தை வச்சே அந்தக் குடும்பத்தை ஊர் எப்படிப் பேசியிருக்கும்னு நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊர் வாய் அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான்.

வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னு போச்சு. அப்பாதான் வீட்டிலேயே உட்கார வச்சுப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அப்படிப் படிச்சே மெட்ரிகுலேஷன் தேறினாங்க. அடுத்து கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்தது ஒரே கல்லூரி, ஆண்கள் படிக்கும் மன்னர் கல்லூரி. பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்ப்பு. இந்த அம்மாவின் தாய் வழியையும் இழுத்துப் பேசியிருக்கிறார்கள். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் மன்னர்தான் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார். நான் டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கல்லூரியைத் தாண்டித்தான் பஸ் போகும். எத்தனையோ வருசம் வெறும் கட்டடமாப் பார்த்தேன். இப்போ பார்க்கும்போது வேற மாதிரி இருக்கு.

சின்ன வயசிலேயே அவங்களுக்கு உடம்பு சுகமில்லை. மூச்சு இழுப்பு, கண் பார்வையும் மட்டு. அப்படிப்பட்டவங்க 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டர் ஆனாங்க. பதக்கங்கள் எல்லாம் வாங்கித்தான் ஆனாங்க. நம்ம நாட்டில் டாக்டருக்குப் படிச்ச பெண்களை அப்போ விரல் விட்டு எண்ணிரலாம். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாங்க.

கல்யாணமே வேண்டாம்னு இருந்தாங்க. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கட்டிக்கிட்டாங்க, அதுவும் ஒரு நிபந்தனை போட்டு. தன்னைச் சமமாக நடத்தணும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அவரும் ஒத்துக்கிட்டு, கடைசி வரை அப்படியே நடந்துகிட்டார். இதை நான் என் வீட்டுக்காரருக்கு சத்தமாப் படிச்சுக் காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலை, சிரிச்சுக்கிட்டு டீ வாங்கப் போயிட்டார். ஆனாலும் எட்டு ஊசிக்கும் கூட வந்தது அவர்தான். அதையும் எழுதணும்ல.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். அம்மையாருக்கு ஒரு தங்கை. அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. சீதபேதின்னு நினைச்சு வைத்தியம் பார்த்தாங்க. மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிஞ்சப்ப காலம் கடந்து போச்சு. 1923-ல் அந்தத் தங்கை கஷ்டப்பட்டு இறந்து போனாங்க. அக்கா டாக்டர். அக்கா வீட்டுக்காரரும் டாக்டர். சென்னைப் பட்டணத்துப் பெரிய டாக்டர்கள் எல்லாரும் தெரிஞ்சவங்க. அப்படி இருந்தும் காப்பாத்த முடியலை.

இதைப் படிச்சப்ப புத்தகத்தை மூடி நெஞ்சு மேல வச்சுக்கிட்டேன். எனக்கு இப்போ 37 வயசு. தங்கையைப் பறி கொடுத்தப்ப அம்மையாருக்கும் ஏறக்குறைய இதே வயசுதான்.

என் கதை இதுதான். தை மாசம், பொங்கல் முடிஞ்ச வாரம், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டுச்சு. புளியங்கொட்டை அளவு. வலி கிடையாது. வலி இல்லாததால்தான் ஏமாந்தேன். ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவங்க துணியை விலக்கிக்கூடப் பார்க்காம கொழுப்புக் கட்டின்னு சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. நானும் நிம்மதியா வந்துட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, அப்படி ஒருத்தர் சொல்லணும்னுதான் நான் போனேன். அஞ்சு மாசம் ஓடிருச்சு. நடவு, பிள்ளைங்க பரீட்சை, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. ஒரு நாள் குழுக் கூட்டத்தில் நம்ம ஊக்குநர் அக்காகிட்ட வாய் தவறிச் சொல்லப் போய், அவங்கதான் மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. படம் எடுத்தாங்க. ஊசி போட்டு சதை எடுத்தாங்க. பத்து நாள் கழிச்சு முடிவு வந்துச்சு. ஆபரேசன் ஆச்சு. ஆபரேசனை நான் இங்கே எழுதலை, அதைவிட நான் பயந்தது அடுத்து வந்த கீமோ ஊசிக்குத்தான். அதுக்கு வேண்டாம்னு சொல்லி ரெண்டு வாரம் வீட்டிலேயே ஒளிஞ்சுக்கிட்டேன்.

ஏன் பயந்தேன்? அந்த ஊசி போட்டா ஆள் கருகிப் போயிரும், ஊசி போட்டவங்க யாரும் தப்பிச்சதில்லை என்று சொல்லாத ஆள் இல்லை. அம்மையார் காலத்துப் பேச்சும் இதேதான். புற்றுநோய் வந்தவன் எப்படியும் சாகப் போறவன், அவனுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆஸ்பத்திரி என்பதுதான் அன்னைக்குப் பெரிய மனிதர்கள், அதிகாரிகள் பலரோட நினைப்பு. அந்த நினைப்போடு மல்லுக்கட்டத்தான் அம்மையாருக்கு முப்பது வருசம் போச்சு.

தங்கை போன ரெண்டாவது வருசம், 1925-ல், மேல்படிப்புக்காகக் கப்பலேறி லண்டன் போனாங்க. பெண்கள், குழந்தைகள் நோய்களுக்கான படிப்பு. புற்றுநோய்க்கென்றே தனியா நடக்கும் ஆஸ்பத்திரியையும் அங்கே கண்ணால பார்த்தாங்க. சாகப் போறவங்களைப் போட்டு வைக்கிற இடமா அது இல்லை, வைத்தியம் நடக்கிற இடமா இருந்துச்சு. அது மனசுல தங்கிருச்சு.

திரும்பி வந்ததும் அவங்களை சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமிச்சாங்க. பிரிட்டிஷ் ஆண்ட இந்தியாவில் சட்டசபைக்குள்ளே போன முதல் பெண் அவங்கதான். 1927-ல் துணைத் தலைவராகவும் ஆனாங்க. பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கணும்னு சட்டம் கொண்டு வரப் பாடுபட்டதை எல்லாரும் எழுதியிருக்காங்க, அதனால் நான் நீட்டலை. எதிர்த்துப் பேசினவங்களில் பெரிய பெரிய தலைவர்கள் எல்லாம் இருந்தாங்க. அந்த வழக்கத்தை முழுசா ஒழிக்கிற சட்டம் வந்தது 1947-லதான். காந்தியைக் கைது பண்ணினதைக் கண்டிச்சு 1930-ல் பதவியை உதறிட்டு வந்துட்டாங்க. அந்தச் சமயத்தில்தான், பொட்டுக் கட்டுக்குத் தப்பிச்சு மூணு சின்னப் பொண்ணுங்க அவங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்க. விடுதியில் சேர்க்க மாட்டோம்னு சொன்னதும், தன் வீட்டிலேயே வச்சுக்கிட்டாங்க. அப்படித் தொடங்கினதுதான் அவ்வை இல்லம். சட்டம் பேசுறவங்க நிறையப் பேர் உண்டு. வீட்டைத் திறந்து விடுறவங்க எத்தனை பேர்?

இத்தனைக்கு நடுவிலும் புற்றுநோயை அவங்க மறக்கலை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் பேசக் கிடைச்ச இடத்திலும் புற்றுநோய் ஆஸ்பத்திரி வேணும்னுதான் கேட்டாங்க. யாரும் காதில் போட்டுக்கலை. அரசாங்கத்தைக் கேட்டும் நடக்கலை. கடைசியில் இந்திய மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கிட்டு, நிதி திரட்டக் கிளம்பிட்டாங்க. இந்த இடத்தை நாம குழுப் பெண்கள் கொஞ்சம் நின்னு படிக்கணும். ஒரு பெண்கள் சங்கம் கை நீட்டி வசூல் பண்ணின காசில் எழும்பின ஆஸ்பத்திரி அது. வீடு வீடாக் காசு கேட்கிறது எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும். சந்தாப் பணம் நூறு ரூபாய் வாங்கவே நாலு தரம் நடக்கிறோம்.

பெத்த பிள்ளை கிருஷ்ணமூர்த்தியையும் இதுக்குன்னே புற்றுநோய் வைத்தியம் படிக்க வச்சாங்க. 1952-ல் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-ல் ஆஸ்பத்திரி திறந்தது. எத்தனை படுக்கை தெரியுமா? 12. நம்ம ஊர் சமுதாயக் கூடத்தில் அதைவிடக் கூடுதலாப் பாய் விரிக்கலாம். அம்மையாருக்கு அப்போ 68-ஐத் தொடும் வயசு. அடுத்த வருசம் டாக்டர் சாந்தா அங்கே வேலைக்குச் சேர்ந்தாங்க. அவங்களும் கிருஷ்ணமூர்த்தி டாக்டரும்தான் பிறகு அதை இத்தனை பெரிசா ஆக்கினது. சாந்தா அம்மா 2021-ல் இறக்கும் வரை ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே குடியிருந்தாங்க.

தங்கை செத்து 31 வருசம் கழிச்சு அந்தக் கதவு திறந்திருக்கு. நான் ரெண்டு வாரம் ஒளிஞ்சுக்கிட்டதை நினைச்சு வெட்கமா இருந்துச்சு. சரி, போவோம்னு போனேன்.

இனிமே எழுதப் போறதை, நம்ம கூட்டமைப்பில் உள்ள ஒரு தங்கச்சிக்காக எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அவளுக்கு அடுத்த மாசம் முதல் ஊசி. போன வாரம் என்னைப் பார்த்து, நான் போகலைக்கான்னு அழுதாள். அவளுக்கு அப்போ வாயில் சொல்ல வரலை. இதில் எழுதி வச்சிருறேன். ஒவ்வொருத்தருக்கும் மருந்து வேற, உடம்பு வேற. எனக்கு நடந்ததுதான் இது. உனக்கு உன் டாக்டர் சொல்றதுதான் கணக்கு.

எனக்கு 21 நாளுக்கு ஒரு ஊசி, மொத்தம் எட்டு. முதல் நாலு சிவப்பு மருந்து. வார்டில் எல்லாரும் அதுக்கு அப்படித்தான் பேர் வச்சிருந்தோம். அடுத்த நாலு வேற மருந்து. தொடங்குறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்க, இதயத்துக்கு எக்கோ எடுத்தாங்க, உயரமும் எடையும் பார்த்தாங்க. அந்த அளவை வச்சுத்தான் மருந்தைக் கணக்குப் பண்ணுவாங்களாம், அதனால் செருப்பைக் கழட்டிட்டு ஒழுங்கா நில்லு. சொத்தைப் பல் இருந்தா முன்னாடியே காட்டச் சொன்னாங்க. பிறகு வாய் புண்ணாகி, பல்லில் சீழ் பிடிச்சா சிரமம். சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் மறைக்காமச் சொல்லணும். நான் யாரோ கொடுத்த சூரணத்தை ரகசியமாச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். டாக்டரம்மா கண்டுபிடிச்சு, அது ஈரலைக் கெடுத்தா ஊசியையே நிறுத்தணும்னு சொன்ன பிறகுதான் விட்டேன். இன்னொண்ணு, ஊசி நடக்கிற காலத்தில் கர்ப்பம் ஆகக் கூடாது. இதை அவ வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

முடி இடுப்பு வரை இருந்துச்சு எனக்கு. முதல் ஊசிக்கு முந்தின நாள் தோள் வரை வெட்டிக்கிட்டேன். நீயும் வெட்டிக்க. 17-ஆவது நாள் காலையில் எழுந்து பார்த்தா தலையணை பூரா முடி. சின்ன முடியாக் கொட்டினா அழுகையும் சின்னதா இருக்கும்னு நினைச்சேன், அப்படி ஒண்ணும் இல்லை. என் மகள் பின்னாடி நின்னு பார்த்துட்டு, தோடு இப்போதான்மா நல்லாத் தெரியுதுன்னு சொன்னாள். அன்னைக்கே மொட்டை அடிச்சுட்டேன். ஊரில் கேட்டவங்களுக்கு சமயபுரத்துக்கு வேண்டுதல்னு சொல்லிட்டார் வீட்டுக்காரர். புருவமும் போயிரும். எல்லாம் திரும்பி வரும். எனக்கு முன்னைவிடச் சுருட்டையா வந்திருக்கு.

ஊசி அன்னைக்கு வெறும் வயிற்றோட போகாதே. ரெண்டு இட்லி போதும். முன்பக்கம் திறக்கிற நைட்டி போட்டுக்க. ஆபரேசன் பண்ணின பக்கத்துக் கையில் ஊசி குத்த விடாதே, நீயே ஞாபகப்படுத்து. மருந்து ஏறும்போது குத்தின இடம் எரிஞ்சாலோ வீங்கினாலோ உடனே நர்சைக் கூப்பிடு, பொறுத்துக்கிட்டு இருக்காதே. நம்ம வளர்ப்பு அப்படி, எதையும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்குவோம். இங்கே பொறுத்தா கை வெந்து போகும். சிவப்பு மருந்து போட்ட அன்னைக்கு ஒண்ணுக்குச் சிவப்பாப் போகும். ரத்தமில்லை, மருந்துதான். இதை எனக்கு யாரும் முன்னாடி சொல்லலை. அன்னைக்கு ராத்திரி நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுறதில் பிரயோசனம் கம்மி. சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே போட்டுடணும். முதல் ஊசிக்கு நான் மாத்திரையை மிச்சம் பிடிச்சேன், மூணு நாள் குடலைப் பிடுங்கிச்சு. ரெண்டாவதுக்கு ஒழுங்காப் போட்டேன், குமட்டலோட போயிருச்சு. அந்த மாத்திரைக்கு மலம் கட்டும், தண்ணி நிறையக் குடி. நாக்குக்கு எதுவும் பிடிக்காது, இரும்பை நக்கின மாதிரி இருக்கும். எனக்கு எலுமிச்சை ஊறுகாய் வாசம் மட்டும் பிடிச்சுச்சு. ஆனா வாய்ப்புண் வந்த வாரத்தில் உறைப்பும் புளிப்பும் தொடவே முடியாது. உப்பும் சமையல் சோடாவும் போட்ட வெதுவெதுப்பான தண்ணியில் கொப்பளிச்சேன். குழைஞ்ச சோறு, மோர், வேக வச்ச முட்டை. சாப்பாடு சூடா, அன்னன்னைக்கு ஆக்கினதாத்தான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. பழைய சோறு கிடையாது. ஆறு மாசம் பழைய சோறும் வெங்காயமும் கனவில் வந்துச்சு.

ஊசி போட்ட ரெண்டு நாள் வரை மருந்து நம்ம கழிவிலும் வாந்தியிலும் வெளியே போகும். கக்கூசில் ரெண்டு தரம் தண்ணி ஊத்தணும், துணியைத் தனியா அலசணும். மத்தபடி இது ஒட்டுற நோய் கிடையாது. இதைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கணும். எங்க சொந்தத்தில் ஒரு வீட்டில் எனக்குக் காகித டம்ளரில் காபி கொடுத்தாங்க. மத்தவங்களுக்கெல்லாம் எவர்சில்வர். நான் குடிச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்.

முக்கியமானது காய்ச்சல். ஊசி போட்டு ஒரு வாரத்திலிருந்து ரெண்டு வாரத்துக்குள்ளே ரத்தத்தில் வெள்ளணு குறைஞ்சு போகும். அந்த நேரத்தில் சின்னக் கிருமியும் ஆளைச் சாய்ச்சிரும். அதனால் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வச்சுக்க. 100.4 வந்துச்சுன்னா, மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துக்காதே, விடியட்டும்னும் பார்க்காதே. எனக்கு மூணாவது ஊசிக்குப் பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு 101 காட்டுச்சு. 108-க்கு போன் போட்டோம். அங்கே போனதும் ரத்தம் பார்த்து, ஆன்டிபயாடிக் ஏத்தி, வெள்ளணு ஏற வயிற்றில் சின்ன ஊசி போட்டாங்க. நாலு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. காலையில் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு டாக்டரம்மா சொல்லலை, முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டேன். அடுத்த ஊசியை ஒரு வாரம் தள்ளிப் போட்டாங்க. தள்ளிப் போனா நோய் வளர்ந்துருமோன்னு அழுதேன். ரத்தம் சரியானாத்தான் போடுவாங்க, அது எல்லாருக்கும் நடக்கிறதுதான்.

பின்னாடி நாலு ஊசிக்கு வாந்தி கம்மி. ஆனா கை கால் எலும்பெல்லாம் கழண்டு விழுற மாதிரி மூணு நாள் வலிக்கும். விரல் நுனி மரத்துப் போச்சு. கோலப் பொடி விரலுக்குள்ளே நிற்கலை. ஒரு புள்ளி வைக்கப் போனா பொதக்குன்னு விழும். அடுப்பில் சூடு தெரியாம ஒரு தரம் சுட்டுக்கிட்டேன். இப்போ பெருமளவு சரியாயிருச்சு, இடது கால் விரலில் மட்டும் கொஞ்சம் இருக்கு.

மருந்துச் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போச்சு. அட்டையில் பெயர் சரியா இருக்கான்னு இப்பவே பாரு. என் அட்டையில் வீட்டுக்காரர் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்து மூணு தரம் அலைஞ்சேன். பஸ்ஸு, சாப்பாடு, கூட வர்றவங்களுக்குப் போன கூலி இதெல்லாம் எங்க கையிலிருந்துதான் போச்சு. அதுக்கு நம்ம குழு உள்கடன் 15,000 ரூபாய் கொடுத்துச்சு. ஆறு மாசம் கூட்டத்துக்கு நான் வராததுக்கு அபராதமும் போடலை. அந்தத் தீர்மானத்தை நோட்டில் எழுதினது நான்தான், மரத்துப் போன விரலால். எழுத்து கோணலா இருக்கும், போய்ப் பாருங்கள்.

அம்மையார் 1956-ல் பத்மபூஷண் வாங்கினாங்க. 1968 ஜூலை 22-ல் இறந்தாங்க, இன்னும் எட்டு நாள் இருந்திருந்தா 82 வயசு முடிஞ்சிருக்கும். 12 படுக்கை பல நூறாகி, இன்னைக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்க அடையாறுக்கு வர்றாங்க. நான் அங்கே வைத்தியம் பார்க்கலை. எங்களுக்குப் பக்கத்திலேயே அரசாங்க ஆஸ்பத்திரியில் வசதி இருந்துச்சு. ஆனா இந்த நோய்க்கு வைத்தியம் உண்டுன்னு நம்ம நாட்டில் நம்ப வச்சவங்களில் அந்த அம்மா முன்னாடி நின்னவங்க. என் மாமியாருக்கு இப்போ அவங்க யார்னு தெரியும். தங்கை செத்த கதையைச் சொன்னப்ப, அவங்க அழுதது எனக்காகவா அந்தப் பொண்ணுக்காகவான்னு எனக்குத் தெரியலை.

எனக்கு ஊசி முடிஞ்சு கரண்டும் வச்சு ஒரு வருசம் தாண்டிருச்சு. தினம் ஒரு மாத்திரை ஓடுது. மூணு மாசத்துக்கு ஒரு தரம் போய்க் காட்டுறேன். ஒவ்வொரு தரமும் முந்தின ராத்திரி தூக்கம் வராது. இன்னும் வரலை.

தங்கச்சி, உனக்குப் போட்டிருக்கிற தேதி செவ்வாய்க்கிழமை. முதல் பஸ் 5.10-க்கு. ரேஷன் கடை ஸ்டாப்பில் நான் நிற்கிறேன். காப்பீட்டு அட்டை, ஆதார், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஒரு போர்வை, வெந்நீர் பாட்டில், இவ்வளவு போதும். வார்டில் ஏசி குளிரும், காலுறை இருந்தா எடுத்துக்க. இல்லைன்னா என்னுடையதைக் கொண்டு வர்றேன். அந்தப் புத்தகத்தையும் நூலகத்தில் மறுபடி என் பெயரில் எடுத்து வச்சிருக்கேன்.